நிலக்கரிக்கு ஆப்பு வைத்தது யார்?

பிரிட்டனில் நிலக்கரி போனதற்கு அன்றைய பிரதமர் தாட்சர்தான் காரணம் என்று யாராவது சொன்னால், பாதிதான் சரி என்பேன். 1984-85 வேலைநிறுத்தத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை முறித்தார், வாஸ்தவம். ஆனால் சுரங்கங்களுக்கு ஆப்பு வைத்தது 1990இல் மின்துறையைப் பிரித்து விற்ற விதம்.

வீடுகளுக்கு மின்சாரம் விற்ற 12 வட்டாரக் கம்பெனிகளில் பலவும் புதிய எரிவாயு மின்நிலையங்களில் பங்கு வாங்கிப் போட்டன. பிறகு அதே நிலையங்களோடு 15 வருட ஒப்பந்தம்! செலவெல்லாம், வேறு கம்பெனிக்கு மாற வழியில்லாத வீட்டுக்காரர் தலையில். (விற்பவனும் நானே, வாங்குபவனும் நானே. நல்ல வியாபாரம்.)

எரிவாயு நிலையத்தைச் சில வருடங்களில் கட்டிவிடலாம். டர்பைனிலிருந்து வரும் சூடான புகையை வைத்தே நீராவி கிளப்பி இன்னொரு டர்பைனையும் சுற்றுவார்கள். எரிபொருளின் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி மின்சாரமாகிவிடும். நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இந்த இரண்டில் எதை நம்பி வங்கி கடன் கொடுக்கும்?

மின்நிலையங்களில் நிலக்கரிக்குக் கிராக்கி குறைய, 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அமைச்சர் ஹெசல்டைன் அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலை. லண்டனில் கூட்டம் திரண்டது, ஆளுங்கட்சி எம்.பி.க்களே முறுக்கிக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

கரியமில வாயு குறைந்ததைப் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது கண் முழுக்க லாபக் கணக்கில்தான் இருந்தது.