கஞ்சி, பப்பாசி, நல்லெண்ணெய்: குசினியில் சமிபாடு செய்து பார்த்தோம்

உணவு எப்படிச் சமிபாடடைகிறது என்று குசினியில் செய்து பார்த்த சோதனைகளில், உமிழ்நீர்ச் சோதனை எல்லாவற்றிலும் அழகாக வந்தது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண தரம் படிக்கும் தங்கையின் மகளும் நானும் சேர்ந்து செய்தோம். சோறு வடித்த கஞ்சி, காயத்துக்குப் பூசும் அயடீன், வினாகிரி, ஒரு வெள்ளைத் தட்டு, இவ்வளவும் போதும்.

கஞ்சிக்கு நிறையத் தண்ணீர் விட்டு ஐதாக்கி மூன்று கோப்பைகளில் ஊற்றினோம். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் உமிழ்நீர், மூன்றாவதில் முதலில் வினாகிரி, பிறகு உமிழ்நீர். மூன்றையும் இளஞ்சூட்டு நீரில் இறக்கி வைத்தோம். உடம்பின் சூடு 37 பாகை. அந்த அளவு போதும். கொதிநீர் என்றால் நொதியம், அதாவது உணவை வெட்டும் உமிழ்நீர்ப் பொருள், கெட்டுவிடும்.

இடையிடையே ஒவ்வொரு துளி எடுத்துத் தட்டில் விட்டு அயடீன் தொட்டோம். கஞ்சியிலுள்ள மாப்பொருளோடு சேர்ந்தால் அயடீன் கருநீலமாகும். தண்ணீர் கலந்தது கருநீலம். உமிழ்நீர் கலந்தது முதலில் நீலமாக இருந்து, வலிகாமத்துச் செம்மண் போல நிறம் மாறி, கடைசியில் அயடீனின் மஞ்சளிலேயே நின்றது. உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளின் நீண்ட சங்கிலியை வெட்டிவிட்டது.

"மாமா, வினாகிரி விட்டது இன்னும் நீலமாத்தான் கிடக்கு!"

எனக்கு மிகவும் பிடித்த கோப்பை அதுதான். வினாகிரியும் ஓர் அமிலம்; அதேபோல, வாயில் தொடங்கும் மாப்பொருள் சமிபாடு, இரைப்பையில் அமிலம் ஊறியதும் நின்றுபோகிறது. பிறகு சிறுகுடலில், சதையி (கணையம்) சுரக்கும் அமிலேசுதான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. வினாகிரிக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி விடவேண்டாம்; அதிலுள்ள விற்றமின் சி அயடீனின் நிறத்தையே போக்கிவிடும்.

அடுத்தது புரதம். இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதியமான பெப்சினுக்கு எங்கே போவது? பப்பாசிக்காயை எடுத்துக்கொண்டோம். ஆட்டிறைச்சி மெதுமையாக வேகப் பப்பாசிக்காய் சேர்ப்பார்களே, அதன் பாலில் இருக்கும் பப்பேன் புரதத்தை வெட்டுவதால்தான். இரண்டு கிண்ணம் ஜெலற்றின் ஜெலியில் ஒன்றின் மேல் பச்சைத் துண்டும் மற்றதன் மேல் அவித்த துண்டும் வைத்து, இரவு முழுக்கப் பிரிட்ஜில் விட்டோம். வெளியில் வைத்தால் எங்கள் வெக்கைக்கு ஜெலி தானாகவே உருகிவிடும். கடற்பாசி ஜெலியும் உதவாது, அது புரதமல்ல. விடிய எடுத்துப் பார்த்தால், பச்சைத் துண்டு குழி பறித்து உள்ளே இறங்கியிருந்தது, சுற்றிலும் நீர். அவித்த துண்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. ஒரு வித்தியாசம்: பப்பேனுக்கு அமிலம் தேவையில்லை, பெப்சினோ பிஎச் 2 அளவில்தான், அதாவது கடும் அமிலத்தில்தான், நன்றாக வேலை செய்யும்.

உடம்புக்கு வெளியே இதெல்லாம் நடக்குமா என்று யோசிப்பவர்களுக்கு வில்லியம் போமன்ட்டைச் சொல்வேன். 1822இல் அலெக்சிஸ் சென் மாட்டின் என்பவர் துப்பாக்கிச் சூடுபட்டுப் பிழைத்தார், ஆனால் அதனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. அமெரிக்க இராணுவ வைத்தியரான போமன்ட் அந்தத் துளைவழியே இறைச்சியை நூலில் கட்டி இறக்கினார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து, இளஞ்சூட்டில் வைத்தும் பார்த்தார். அங்கும் இறைச்சி கரைந்தது.

கொழுப்புக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நல்லெண்ணெயும் தண்ணீரும் போத்தலில் குலுக்கினால் பிரிந்துவிடும். சவர்க்காரக் கரைசல் கொஞ்சம் விட்டால் பால்போல நிற்கும். பித்தம் செய்வதும் இதுதான். அது கொழுப்பை வெட்டுவதில்லை, சிறு துளிகளாக்குகிறது, வெட்டுவது இலிப்பேசு என்ற நொதியம்.

இனி மீதமிருப்பது வெல்லம், அதாவது மாப்பொருள் வெட்டுப்படும்போது வரும் சர்க்கரை. மாப்பொருள் இல்லாமற் போனதைத்தான் அயடீன் காட்டியது. வெல்லம் வந்ததைப் பார்க்கப் பெனடிக்ற் கரைசல் வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ரீச்சரைக் கேட்டுச் செய்வதாக இருக்கிறோம். அப்படியே ஒடியல் மாக் கஞ்சியையும் சோற்றுக் கஞ்சியையும் பக்கத்தில் வைத்து, எது முந்துகிறது என்றும் பார்க்கவேண்டும்.