ஜவ்வாதுக்குக் கிளம்பும் முன்

தை மூன்றாம் வாரம் சனிக்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்புகிறோம். இரண்டு ஜிப்ஸி ஜீப்பு, ஐந்து பேர். பூந்தமல்லி, வாலாஜா, ஆற்காடு, ஆரணி, போளூர், அங்கிருந்து ஜவ்வாது மலையேறினால் ஜமுனாமரத்தூர். அதுவரை தார்ச்சாலைதான். அதைத் தாண்டி வரும் நான்கு கிலோமீட்டர் மண்பாதைக்காகத்தான் ஒன்றரை மாதமாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

காட்டுப்பாதை என்றதும் எல்லோரும் முதலில் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த மண் யாருடையது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே வண்டியை விடுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, 20க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அவர்களில் பலர் நம் சென்னையிலிருந்து போனவர்கள். அந்தச் செய்தி கேட்ட இரவை நான் மறக்கவில்லை. அதனால் கூடாரம் பட்டா நிலத்தில் மட்டும்தான். தரையில் நெருப்பு மூட்டப் போவதில்லை, சின்ன கேஸ் அடுப்பு போதும்.

மார்கழியில் ஒருநாள் பைக்கில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தேன். சாமை அறுத்து முடித்த நிலத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"ஐயா, இந்த வழியா ஜீப்பு போவுங்களா?"

"போவும் தம்பி. மழ பேஞ்சா மட்டும் ஓடையில எறங்காத. பாக்க கணுக்கால் தண்ணிதான் தெரியும். அடியில பூரா களி."

சொன்னதோடு நிற்காமல் கூடவே ஓடைவரை நடந்து வந்தார். கையிலிருந்த கோலைத் தண்ணீரில் ஊன்றி அழுத்தினார். முழங்கால் அளவுக்கு உள்ளே போனது. இழுத்ததும் 'சளக்' என்ற சத்தத்தோடு கறுத்த களி அப்பிக்கொண்டு வந்தது. கரையோரம் பாறை தெரியும் இடத்தில் ஊன்றினார். 'டக்' என்று நின்றது. "இங்கதான் சக்கரம் வரணும்" என்றார். அந்த இடத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் அந்தப் பாறைக்கு மேலே ஓடினால் வண்டிகளை அங்கேயே நிறுத்திவிட்டு, மூட்டைகளைத் தலையில் வைத்து நடப்பது என்று ஐந்து பேரும் இப்போதே பேசி முடித்துவிட்டோம். அங்கே போய் நின்றுகொண்டு முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

கயிறு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். போன வருஷம் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் வண்டி புதைந்தபோது, சாதாரணக் கயிற்றில் கட்டி டிராக்டரால் இழுத்தோம். கயிறு அறுந்து, அதன் இரும்புக் கொக்கி என் தம்பியின் தோளை உரசிக்கொண்டு பறந்தது. ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் தலை. இந்த முறை எடை தாங்கும் இழுவைப் பட்டையும், அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிளும் வாங்கியாயிற்று. மாட்டுவது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இருக்கும் கொக்கியில் மட்டும், பம்பரில் கிடையாது. இழுக்கும்போது பட்டையின் நீளத்தைவிடத் தள்ளித்தான் ஆட்கள் நிற்க வேண்டும்.

மண்பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குவோம். டயர் பரந்து உட்காரும், கல்லில் பிடி கிடைக்கும், முதுகும் தப்பிக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். அதற்கு பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல், வண்டியை மெதுவாக, அதிக இழுவையோடு நகர்த்தும் லோ ரேஞ்சில் முதல் கியர். லோ ரேஞ்சில் பெட்ரோல் நிறையக் குடிக்கும், ஆகவே போளூரில் டேங்கை நிரப்பிவிடுவோம். தார்ப்பாய் பாரிமுனையில் வாங்கியது. தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர்.

கூடாரம் போட இடம் தருவதும் அந்தப் பெரியவர்தான். வாடகை பேசினேன், வேண்டாம் என்றுவிட்டார். நேற்று அவர் மகனின் போனிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நீ மெட்ராஸ்லேர்ந்துதான வர்ற? நல்ல கருவாடு கெடச்சா ரெண்டு கிலோ கொண்டாப்பா."

வெள்ளிக்கிழமை காலை காசிமேடு போகிறேன்.