மணமாகாதவருக்கான மெட்டு

ஜூன் 30, 1863. பென்சில்வேனியா, கேஷ்டவுன் அருகே

தூறல் விடவில்லை. வழியெல்லாம் செர்ரி மரம். தின்று தின்று பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிட்டது, எனக்கும்தான். நம் தென்னாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கெட்டிஸ்பர்க் வரை சாமான் தேடிப் போன ஜெனரல் பெட்டிக்ரூ, எதிரிக் குதிரைப்படையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மேலிடத்தில் அவர் பேச்சை யாரும் நம்பவில்லையாம். என் பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது.

ஜூலை 1

எழுத நேரமில்லை.

ஜூலை 1, இரவு

எங்கள் 26-வது வட கரோலினா படையின் கர்னல் பர்க்வின் போய்விட்டார்.

ஜூலை 2

வைத்தியர் அறுக்கும் மேஜையில் கிடப்பவனை அமுக்கிப் பிடித்துக்கொள்வது எங்களைப் போன்ற பேண்ட்காரர்கள் வேலை. நேற்று மாலையிலிருந்து அதுதான் செய்கிறோம். அறுத்ததை வெளியே கொண்டுபோய்ப் போடுவதும் நாங்களே.

வந்து படுத்தவர்கள் துண்டு துண்டாகச் சொன்னது: மதியத்துக்கு மேல் வில்லோபி ஓடையைத் தாண்டி மரத்தோப்புக்குள் ஏறியிருக்கிறார்கள். எதிரே கறுப்புத் தொப்பி போட்ட மிச்சிகன்காரர்கள். கொடியைப் பிடித்தவன் விழ அடுத்தவன், அவன் விழ இன்னொருவன். பத்துப் பேருக்கு மேல். கர்னலும் கொடியைக் கையில் வாங்கினார்; நுரையீரலில் குண்டு. அப்புறம் லெப்டினன்ட் கர்னல் லேன் எடுத்தார். கழுத்தில் புகுந்தது வாய் வழியே வந்திருக்கிறது. உயிர் இருக்கிறது.

கர்னலுக்கு 21 வயதுதான். முகாமில் அவர் கண்டிப்பைத் திட்டாத ஆள் கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். துப்பாக்கி அடுக்கும் பெட்டியில் வைத்து, ஒரு வால்நட் மரத்தடியில் புதைத்தார்கள்.

மதியம் ஆணை வந்தது: பேண்ட் முன்னால் வந்து வாசிக்க வேண்டும், ஆட்கள் சோர்ந்து கிடக்கிறார்கள். இங்கே ஆள் போதாது, விடமாட்டேன் என்றார் வைத்தியர். மறுபடியும் ஆணை. போனோம். 11-வது வட கரோலினா பேண்டும் சேர்ந்துகொண்டது. பீரங்கி ஒரு பக்கம் முழங்க, நாங்கள் ஒரு பக்கம் நாட்டியத்துக்கான உருப்படிகளை வாசித்தோம். காய்ந்த ரத்தம் விரலை வால்வோடு ஒட்டவைத்தது. பிரித்துப் பிரித்து வாசித்தேன். சிலர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதைவிட மேஜையே மேல்.

வட கரோலினாவில் எங்கள் சேலம் ஊரில் மொராவியச் சபையார் யாராவது தவறினால் கொம்புகள்தான் ஊருக்குச் சொல்லும். மூன்று ஞானப்பாட்டு மெட்டு. முதலும் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றே. நடுவில் வருவதை வைத்துத்தான் போனது யாரென்று தெரியும்: மணமானவரா, விதவையா, மணமாகாத வாலிபரா, சிறுபிள்ளையா. அடுப்படியில் கரண்டியோடு நின்று அம்மா நடு மெட்டுக்குக் காது கொடுப்பாள்.

நேற்றிலிருந்து என் தலைக்குள் வாலிபர் மெட்டுதான்.

ஜூலை 3

1 மணிக்குத் தொடங்கிய பீரங்கி. காது இன்னும் திறக்கவில்லை. யார் வாயைப் பார்த்தாலும் அசைகிறது, அவ்வளவுதான்.

ஜூலை 4

மழை. முதல் நாள் எங்கள் படையில் 800 பேருக்கு மேல் தோப்புக்குள் போனார்கள். அடிபடாமல் வந்தது 216. நேற்று அவர்களையும் அந்தக் கல் சுவரை நோக்கித் திறந்த வயலில் நடக்கவிட்டார்கள். இன்று வேலைக்கு நிற்பது 80 சொச்சம். எஃப் கம்பெனியில் 91 பேர். ஒருவர்கூடக் காயமில்லாமல் தப்பவில்லை. வரிசையில் நிற்கும்போது இடைவெளி விடும் பழக்கம் போகவில்லை போல. 80 பேரும் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள்.

ஜூலை 5

வண்டி. சேறு. வண்டிக்குள்ளிருந்து ஒரே முனகல். ஒருவன் தன்னை ரோட்டோரம் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான்.

ஜூலை 8. வில்லியம்ஸ்போர்ட்

பொட்டோமாக் ஆறு கரை புரள்கிறது, கடக்க முடியாது. பின்னால் அவர்கள், முன்னால் தண்ணீர். மிசிசிப்பிக் கரையில் நம் கோட்டையான விக்ஸ்பர்க் விழுந்துவிட்டதாகப் பேச்சு.

கர்னலின் அடிமை கிஞ்செனைப் பார்த்தேன். கர்னலின் குதிரைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கர்னலின் பொருளையும் குதிரைகளையும் வீடு சேர்ப்பது அவன் பொறுப்பாம். அவன் அழுததாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது குளம்பில் கல் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைவிடச் சின்னவரான கர்னல் எனக்கு 'அவர்'. கிஞ்சென் 'அவன்'. வயது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பென்சில்வேனியாவில் நம் ஆட்கள் பிடித்துத் தெற்கே ஓட்டிவிட்ட கறுப்பர்களில் சுதந்திரமாகவே பிறந்தவர்களும் உண்டாம். நான்கு நாள் முன்புவரை கிஞ்சென் அடிமைமுறை இல்லாத அந்த மண்ணில்தான் நின்றான், கையில் குதிரையும் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று நினைத்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவனிடம் யார் கேட்டார்கள்?

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கல்லெல்லாம் ஒரே அளவு, பணக்காரன் ஏழை கிடையாது. பெருமையாகச் சொல்வோம். கறுப்பர்களுக்கு 1816-லிருந்து வேறு இடம். அங்கே போய் வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஜூலை 9

பூட்ஸ் கிடைத்தது. யாருடையது என்று கேட்கவில்லை.

ஜூலை 11

வாலிபர் மெட்டில் மூன்றாவது அடி மறந்துவிட்டது. ராத்திரி முழுக்க முனகிப் பார்த்தேன். பக்கத்தில் படுத்தவன் நிறுத்தச் சொல்லி உதைத்தான்.

ஜூலை 14

ஃபாலிங் வாட்டர்ஸில் படகுப் பாலம் வழியாகக் கடந்தோம். கடைசியாக நின்ற படைமேல் குதிரைப்படை பாய்ந்து, பெட்டிக்ரூவுக்கு வயிற்றில் குண்டு.

ஜூலை 15

மூன்றாவது அடி வந்துவிட்டது. நடக்கும்போது தானாக வந்தது.

ஜூலை 17. பங்கர் ஹில்

காலையில் பெட்டிக்ரூ இறந்தார். 35 வயது. அவருக்கும் மணமாகவில்லை.

வாசிக்கச் சொல்வார்களா தெரியவில்லை. உதடு வெடித்திருக்கிறது. எங்காவது ஒரு துளி வெண்ணெய் கிடைக்குமா என்று