தயிரா, தண்ணியா?

'வெள்ளைப்படுது' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். மே மாத வெயில் வேறு. போனில் அம்மாவிடம் சொன்னதும், "சூடுதான்டி, வெந்தயம் ஊற வச்சுக் குடி" என்றாள். குடித்தேன்.

உண்மையில் அது வெள்ளையே இல்லை. பீரியட்ஸ் முடிந்த கையோடு, சாம்பல் பூத்த தண்ணி மாதிரி ஆரம்பித்தது. அரிப்பு கிடையாது. வாடைதான், மீன் கழுவிய தண்ணி வாடை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒட்டி உட்காரவே பயம். ராத்திரி அவர் கிட்டே வந்தால் தலைவலி என்று திரும்பிப் படுப்பேன். விளம்பரத்தில் வரும் வாஷ் ஒன்றை வாங்கி இரண்டு வேளையும் உள்வரைக்கும் கழுவினேன். ஒரு மணி நேரம் ரோஜா வாசம், அப்புறம் பழையபடி.

தோழி ஒருத்திக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வெள்ளைப்பட்டு, ஃப்ளூகோனசோல் 150 ஒரே மாத்திரையில் சரியானதாம். மெடிக்கல் ஷாப்பில் நாலு ஆம்பளைங்க. அவர்கள் நகரும்வரை இருமல் மிட்டாயை வேடிக்கை பார்த்துவிட்டு, பெயரை மட்டும் சொல்லி வாங்கினேன். கடைக்காரர் அந்த ஒற்றை மாத்திரையையும் கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்தார்! அதுவும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் லீவு போட்டுவிட்டு, திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய் காந்தி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் ஏரியாவில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்ற கோஷா, அதாவது பர்தா முறைப் பெண்களுக்காக 1885-ல் தொடங்கியதாம். அவ்வளவு வருஷம் கழித்தும் ஓ.பி. பெஞ்சில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நான்.

"என்னம்மா?"

"வெள்ளைப்படுது டாக்டர்."

"தயிர் திரிஞ்ச மாதிரியா, தண்ணியாவா? அரிக்குதா, வாடையா? கடைசியா பீரியட்ஸ் எப்ப? சேர்ந்ததுக்கப்புறம் வாடை அதிகமாகுதா?"

கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அங்கேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது போலிருக்கிறது.

மேஜையில் படுக்கச் சொன்னார். உள்ளே விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் கருவி சில்லென்று இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, மூச்சை விட்டால் தளர்ந்துவிடுகிறது. காலையில் வெட்கத்தில் நன்றாகக் கழுவிவிட்டுப் போயிருந்தேன். "உள்ளே கழுவிட்டு வந்தா நாங்க எதைப் பார்க்கிறது?" என்று திட்டு. பஞ்சுக் குச்சியில் எடுத்ததை ஒரு தாளில் தடவி நிறம் பார்த்தார். அமிலத்தன்மைக்கான சோதனை; pH அளவு 4.5-க்கு மேல் போனால், அதாவது அமிலம் குறைந்தால், சந்தேகமாம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு மருந்து விட்டதும் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் வாடை குப்பென்று அடித்தது. கூசிப்போனேன். பக்கத்தில் நின்ற படிக்கிற பொண்ணோ சுவாரசியமாக எட்டிப் பார்த்தாள்.

பாக்டீரியல் வஜினோசிஸ். அங்கே இருக்கவேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்டன. நான் விழுங்கியது பூஞ்சைக்கான மாத்திரை, இதற்கு எப்படிக் கேட்கும்? பூஞ்சை என்றால் தயிர்த் திப்பியாக வரும், அரிப்பு உயிரை வாங்கும். அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்கவேண்டும். நுரைத்து மஞ்சள் பச்சையாக வந்தால் அது டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, வீட்டுக்காரருக்கும் சேர்த்து மருந்து. வாஷ் போட்டது நல்ல பாக்டீரியாவைத்தான் இன்னும் கெடுத்ததாம். முன்னூறு ரூபாய் பாட்டில்!

மெட்ரோனிடசோல் 400, காலை இரவு, 7 நாள். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருந்தது, காபிகூட இறங்கவில்லை. மூன்றாம் நாளே வாடை போய்விட்டாலும் ஏழு நாளையும் முடித்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தது, இது அப்படித் திரும்பும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். மறுநாளே ஓ.பி. சீட்டு, கழுவாமல். அம்மாவிடம் மட்டும் இன்னும் சூடு என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.