வெளி ஹார்டு டிஸ்க் வாங்கப் போறீங்களா?

விண்டோஸ், மேக், லினக்ஸ்னு மாத்தி மாத்தி சொருகுற ஆளா இருந்தா எந்த கம்பெனி, எத்தனை டிபின்னு பாக்குறதுக்கு முன்னாடி ஃபார்மட்ட (டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வைக்கிற முறைய) யோசிங்க, என்டிஎஃப்எஸ்னா மேக்ல ஃபைல திறந்து பாக்கலாம் ஆனா தனியா சாஃப்ட்வேர் போடாம அதுல எதையும் எழுத விடாது, ஃபேட்32னா ஒரே ஃபைல் 4 ஜிபிய தொட்டாலே ஏறாது, பெரிய வீடியோ வச்சிருக்கவங்க அதை மறந்துடுங்க. எக்ஸ்ஃபேட் தான் மூணுக்கும் ஒத்துப்போகும், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே 2019ல 5.4 வெர்ஷன்லேர்ந்து அதுக்கு சப்போர்ட் வந்துடுச்சு. ஒரே வம்பு, எக்ஸ்ஃபேட்ல ஜர்னலிங் (செய்யப் போற மாற்றத்த முன்னாடியே குறிச்சு வச்சுக்கிற பாதுகாப்பு) கிடையாது, எஜெக்ட் பண்ணாம வெடுக்குனு புடுங்கினா டேட்டா போயிடலாம் (அவசரக்காரங்க கவனிக்க!). ஃபார்மட் மாத்துனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்ங்கறதால வாங்குன கையோட மாத்திடுங்க. பையில போட்டு அலையறவங்களுக்கு என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு தான், உள்ள சுத்துற தட்டு இல்ல, கீழ விழுந்தா சட்டுனு அடிபடாது. லேப்டாப்ல டைப் சி மட்டும் தான்னா கேபிளையும் பாத்து வாங்குங்க.