மிதந்துகொண்டிருக்கும் கிணற்றுத் தண்ணீர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்கள் ஏற ஏற நயினாதீவுப் படகு தாழ்ந்துகொண்டே போகும். ஏறுகிற ஆள் அறுபது கிலோ என்றால் படகு இன்னும் அறுபது கிலோ கடல்நீரை ஒதுக்கும் வரை இறங்கும், அதோடு நின்றுவிடும். மிதக்கிற பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை ஒதுக்கும். முழுக்கத் தாழ்ந்த கல் தன் கனவளவுக்குத்தான் நீரை ஒதுக்கும், அந்த நீரின் நிறை கல்லின் நிறைக்குக் காணாது, அதனால் அது அடிக்குப் போகிறது. ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இது, மேலுதைப்பு என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான்.

சரி, யாழ்ப்பாணத்தில் இந்த விதி எங்கே முக்கியம் என்று கேட்டால் நான் படகைச் சொல்ல மாட்டேன், கிணற்றைத்தான் சொல்வேன்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது, அதே கல்லுக்குள்ளால் கடல்நீரும் உள்ளே வருகிறது. நல்ல தண்ணீர் லீற்றருக்கு 1000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் நாம் குடிக்கிற தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். இராமர் அம்பு குத்தி இந்தக் கிணற்றை உண்டாக்கினார் என்ற கதையைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், அந்தப் பாரத்தைத் தாங்கக் கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை உப்புத் தண்ணீர் ஒதுங்க வேண்டும், ஏனென்றால் 1000ஐ 25ஆல் பிரித்தால் 40. கைபன் என்ற நெதர்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இலும் தனித்தனியாக இதை எழுதினார்கள். கல்லுக்குள் இரண்டு தண்ணீரும் கொஞ்சம் கலக்கும், அதனால் நிலத்தடியில் இந்தக் கணக்கு அச்சொட்டாக வராது, ஆனாலும் போக்கு இதுதான்.

இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே கால் மீற்றர் குறைந்து அது அப்படியே நீடித்தால், அடியில் உப்பு மெல்ல மெல்லப் பத்து மீற்றர் ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஆறுவதற்கு நேரம் கிடைத்தது. மோட்டரைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தோட்டத்துக்கு விட்டால் அந்தக் கிணற்றுக்கு நேர் கீழேயே உப்பு கூம்பு மாதிரி மேலே கிளம்பும், அப்புறம் தண்ணீர் சவராகிவிட்டது என்று கவலைப்படுகிறோம். தண்ணீர் காணவில்லை என்று இன்னும் ஆழமாகக் குழாய்க்கிணறு அடிப்பது அதைவிட மோசம், நாமே உப்பைத் தேடிக் கீழே போகிறோம்.

அதனால்தான் ஊர்க் குளங்களை மண் போட்டு மூடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. மாரியில் அந்தக் குளத்தில் தேங்கி நிலத்துக்குள் இறங்குகிற தண்ணீர் நிலத்தடி மட்டத்தை ஒரு சாண் உயர்த்தினாலும், அடியில் அது நாற்பது சாண் உப்பைத் தள்ளி வைக்கும்.