பிக்கப்புக்கு டயர் மாற்றினேன்
பழைய ஆல்-டெரெய்ன் (எல்லா வகைத் தரையிலும் ஓடும்) டயரின் பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் (M+S, அதாவது சேறும் பனியும்) என்று இருந்ததை நம்பி இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டேன். அது பட்டன், அதாவது தரையில் படும் மேடு பள்ள வடிவத்தின் அமைப்பைச் சொல்லும் எழுத்துதான், பனியில் சோதித்ததற்கான சான்று இல்லை. சோதித்த டயர் வேண்டுமென்றால், பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இறுகிய பனியில் வண்டி இழுக்கும் திறனுக்கான சோதனை, ஐஸில் பிரேக் பிடிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயர் ரப்பர் விறைக்கத் தொடங்கும், அப்புறம் பட்டன் எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் பிடி குறையும். அதனால் பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய உள்ள குளிர்கால டயரை வாங்கினேன். சத்தம் கொஞ்சம் அதிகம், சரி, பழகிவிட்டது. நான்கு சக்கர டிரைவ் இருக்கிறதே என்கிறார்கள். அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது.